தூசியின் எடை

பொன்னிக்கு மூச்சிரைப்பு முதலில் வந்தது 2007-ஆம் வருடம் தை மாதத்தில். அப்போது அவளுக்கு ஆறு வயது. பங்குனி முடிவதற்குள் நான்கு முறை அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. மூக்கில் முகமூடியைக் கவிழ்த்து மருந்துப் புகை பிடித்தால் குழந்தை தேறிவிடும்; திரும்பி வரும் பஸ்ஸிலேயே கடலைமிட்டாய் கேட்கும். பத்து நாளில் மறுபடியும் நெஞ்சு விசிலடிக்கும்.

நான்காவது முறை டாக்டர் சகுந்தலா, குழந்தையின் தாய் பூங்கொடியை உட்காரச் சொல்லி நிதானமாக விசாரித்தார்.

"வீட்ல விறகு அடுப்பா?"

"ஆமாங்க. சவுக்கு மிலாறு, வரட்டி."

"பக்கத்துல தூசி ஏதாவது?"

"கிரஷர் கீதுங்க. ஊருக்கு மேக்கால, அரை மைலு."

டாக்டர் சீட்டில் எழுதியபடியே சொன்னார்: "ரெண்டுல எதுன்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாதும்மா. எப்பெப்ப வருதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. எப்பன்னு தெரிஞ்சா எதனாலன்னு ஓரளவு சொல்லலாம்."

வேறு யாராக இருந்தாலும் ஒரு நோட்டு வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். பூங்கொடிக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி மனதில் விழுந்தது. அவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். செங்கல்பட்டில் ராஜாராம் நடத்திவந்த தராசுக் கடையில் ஏழு வருடமாக வேலை. மளிகைக் கடைத் தராசிலிருந்து லாரியோடு நிறுக்கிற வேபிரிட்ஜ் வரை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்குகிறவள். குழந்தைக்கு எப்போது இழுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம். காற்றில் எப்போது தூசி ஏறுகிறது என்பதை எதைக் கொண்டு எழுதுவது? பஸ் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அவளுக்கு ஒரு கருவியின் வடிவம் பாதி பிடிபட்டுவிட்டது.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் மேட்டுப்பேடு. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஊருக்கு மேற்கே கருங்கல் பாறை. அதைப் பிளந்து ஜல்லியாக்கும் கிரஷரை நரசிம்மன் என்பவர் ஐந்து வருடமாக நடத்திவந்தார். பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஜல்லிக்கு ஓய்வில்லை. பூங்கொடியின் கணவன் ரஞ்சித்குமார் அந்தக் கிரஷரில்தான் டிப்பர் ஓட்டினான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய், எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் வெயிலில் அலைந்தாள். நாலாவது கடையில், உடைந்த காற்றுச் சுத்திகரிப்பு மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய கறுப்புத் துண்டு கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவே ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் சின்ன விளக்கு, இன்னொரு பக்கம் அதைப் பார்க்கும் கண். ஓட்டை வழியே தூசி போனால் ஒளி சிதறும். சிதறலின் அளவுக்கு மின்சாரம் ஏறும். கடைக்காரருக்கே அது என்னவென்று தெரியவில்லை. மேலே பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, செங்கல்பட்டு பிரவுசிங் சென்டரில் தேடித்தான் அவளும் உறுதி செய்துகொண்டாள்.

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்குள் வைத்தால் அடுப்பைத்தான் காட்டும். ஊருக்கும் கிரஷருக்கும் நடுவே உயரமான இடம் ஆரம்பப் பள்ளிக்கூடத்து மொட்டை மாடி. அவள் வீட்டிலிருந்து இருநூறு அடிக்குக் குறையாது, நடுவே டிப்பர் போகிற சாலை. ஒயர் இழுத்தால் முதல் நாளே அறுந்துபோகும். அதனால் ஒயர் இல்லாமல் செய்தாள். கார் கதவை ரிமோட்டில் பூட்டுகிற அதே வகை டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் சென்சாரோடு சேர்த்தாள். ஏரியலுக்கு ஒரு சாண் செம்புக் கம்பி. பழைய கம்ப்யூட்டர் விசிறி காற்றை உள்ளே இழுத்தது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் அடைத்து, மழை இறங்காமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தாள்.

வீட்டில் இருந்துகொண்டு எண்ணை வாங்கிக் காட்ட வேண்டிய மறுபாதிக்கு, கடையில் ஓரங்கட்டி வைத்திருந்த தராசு முகப்பு ஒன்றை ராஜாராமிடம் கேட்டு வாங்கினாள். சிவப்பு எழுத்துகளில் எண் ஓடும், ஓரத்தில் 'கிலோ' என்று அச்சடித்திருக்கும். அதை மாற்றுவானேன் என்று அப்படியே விட்டாள். தெருவில் இருந்த பூவாயி வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, நம்ம ஊரு தூசி நாப்பது கிலோவா?" என்று கேட்டாள். அன்று முழுக்க அதுவே தெருவில் பேச்சாக இருந்தது.

முதல் வாரம் எண்கள் தறிகெட்டு ஓடின. ஜல்லி ஏற்றிய டிப்பர் நடுவில் போனால் இரும்புத் தொட்டி மறைத்து எண் உறைந்துபோகும். நரசிம்மனின் கார் ஊருக்குள் வந்து ரிமோட்டில் பூட்டினால் எண் திடீரென்று எண்ணூறுக்குத் தாவும். டப்பாவைப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றி முதல் தொல்லையைத் தீர்த்தாள். ஒவ்வொரு எண்ணோடும் ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து அனுப்பி, அது இல்லாமல் வருவதைத் தள்ளிவிடும்படி எழுதி இரண்டாவதையும் தீர்த்தாள்.

ரஞ்சித்குமாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?"

"கொழந்தைக்கு ஒடம்பு முடியல, அதுக்காவ பண்றான்னு சொல்லு மாமா."

"கிரஷருக்கு எதிரா மிசினு வச்சிகீறான்னுதான் அவரு காதுல வுழும்."

"எதிராவும் இல்ல, ஆதரவாவும் இல்ல. இன்னா வருதோ அத எழுதப்போறன்."

ஆனால் தொட்டி மேல் டப்பாவைக் கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான்.

மூன்று வாரம் எழுதினாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன்னும் மாலையில் வந்த பின்னும் அவளே பார்த்தாள். பகலில் பூவாயி மணிக்கு ஒருமுறை வந்து பார்த்துச் சுவரில் கரியால் கிறுக்கி வைத்தாள். மாலையில் பூங்கொடி அதை நோட்டில் ஏற்றினாள்; எதிர் பக்கத்தில் பொன்னிக்கு இழுத்த நாட்கள். எழுதி முடித்துப் பார்த்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. காலையில் கிரஷர் ஓடும் நேரத்தில் எண் நாற்பது, ஐம்பது. மாலை ஆறு மணிக்கு, ஊரில் அடுப்பு மூட்டுகிற நேரத்தில், இருநூற்றைம்பது. பொன்னிக்கு இழுத்த நாளோ இழுக்காத நாளோ, எதை எடுத்தாலும் இதே கதை.

இதற்கிடையில் ஊரில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. திருவேங்கடம் இரண்டு ஏக்கரில் கத்திரியும் வேர்க்கடலையும் போடுகிறவர். பூங்கொடியின் மாமனாருக்குப் பங்காளி முறை. அவருடைய கத்திரி இலைகளின் மேல் எந்நேரமும் சுண்ணாம்பு பூசியதுபோல் மாவு படிந்திருக்கும். கிரஷர்மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, செங்கல்பட்டில் பேச்சுவார்த்தைக்கு நாளும் வாங்கிவிட்டார். முந்தின நாள் மாலை அவர் பூங்கொடி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உன் நோட்ட நாளைக்கு எத்துகினு வாம்மா. வாயால சொன்னா எவனும் கேக்கமாட்டான். நம்பரா சொன்னா கேப்பான்."

பூங்கொடி தயங்கினாள். "பெரிப்பா, நம்பரு நாம நெனச்ச மாதிரி வரல."

"எப்பிடி வந்துகீது?"

அவள் சொன்னாள். திருவேங்கடம் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நோட்டு வாணாம். வூட்டுலயே வச்சிக்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டு வீட்டில்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்தது வெளியே போய்விட்டது. ரஞ்சித்குமார்தான் காரணம். மனைவியின் கருவி கிரஷருக்கு எதிராக எதையும் சொல்லவில்லை என்ற நிம்மதியில், மறுநாள் காலை லோடு ஏற்றும்போது நரசிம்மனிடமே சொல்லிவிட்டான். பேச்சுவார்த்தையில் திருவேங்கடம் பேசி முடித்ததும் நரசிம்மன் எழுந்து அமைதியாகச் சொன்னார்:

"அவங்க ஊரு பொண்ணே கருவி வச்சு அளந்திருக்குங்க. டிப்ளமா படிச்ச பொண்ணு. கிரஷர் ஓடுறப்ப நாப்பது, அவங்க அடுப்பு எரியிறப்ப எரநூத்தம்பது. வேணும்னா அதையே கூப்ட்டுக் கேளுங்க."

அதிகாரி திருவேங்கடத்தைப் பார்த்து, அப்படி ஒரு கணக்கு உண்டா என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், உண்டு என்றார். வெளியே வந்தபோது கிரஷர் ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பூங்கொடியின் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டார். தெருவில் மற்றவர்களும் முன்போல் வரவில்லை. பூவாயி மட்டும் வந்தாள். சுவரில் கிறுக்கவும் செய்தாள். ஆனால் தூசி எத்தனை கிலோ என்று கேட்கவில்லை.

கணவனிடம் பூங்கொடி சண்டை போடவில்லை. "நீ பொய்யா சொன்ன? நெசத்ததான் சொன்ன," என்றாள்.

ஆனால் நிஜம்தானா? கிரஷர் ஓடும்போது வெறும் நாற்பது என்றால், பள்ளிக்கூடத்துத் திண்ணையில் விரலால் பெயரெழுதும் அளவுக்கு மாவு படிவது எப்படி? வைகாசியில் ஒரு நாள் விசிறி நின்றுபோய், டப்பாவைக் கீழே இறக்கித் திறந்தாள். அடியில் வெள்ளை மாவு ஒரு விரற்கடைக்குக் குவிந்திருந்தது. விசிறியின் இறக்கைகளில் அப்பியிருந்தது. இவ்வளவும் அந்தக் கருவியின் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கருவி நாற்பது, நாற்பது என்று சொல்லியிருக்கிறது.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஓட்டைப் பக்கம் காட்டினாள். எண் ஐந்நூறைத் தாண்டியது. ஒரு சிட்டிகைக் கல்மாவை மேலிருந்து தூவினாள். எண் அறுபதுக்கு வந்து மறுபடி இறங்கிவிட்டது. இன்னொரு சிட்டிகை. எழுபது.

அப்போதுதான் விளங்கியது. அந்தக் கண் புகைக்காகச் செய்யப்பட்டது. புகையின் துகள் நுணுக்கமானது, எண்ணிக்கையில் கோடிக்கணக்கானது; ஒளியை வாரி இறைக்கும். கல்மாவு கனமானது, எண்ணிக்கையில் குறைவு. ஒளியை எட்டுமுன்பே கீழே விழுந்துவிடும். அவள் கருவி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே ஒரு மொழியில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழு வருடத் தொழிலில் அவள் முதல் நாளே கற்றுக்கொண்ட பாடம் இது. தராசின் முகப்பில் எண் தெளிவாக நிற்பதால் தராசு சரியாகிவிடாது. முத்திரையிட்ட எடைக்கல்லை மேலே வைத்துப் பார்க்க வேண்டும். ஊரான் கடைத் தராசுக்கெல்லாம் அதைச் செய்தவள், தன் கருவிக்குச் செய்ய மறந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. ராஜாராமிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தூசிக்கு எடக்கல்லு எங்கம்மா விக்குது?" என்றார்.

தூசிக்கு எடைக்கல் இல்லை. ஆனால் தூசியையே நிறுக்கலாம்.

படூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு இருந்தது. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும். வருடம் இரண்டு முறை அதைச் சரி பார்ப்பது பூங்கொடிதான். ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட ரோகிணி கரூர்க்காரர், இவள் வயதுதான்; கணவருக்கு ஐடி வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். பூங்கொடி விஷயத்தைச் சொன்னதும் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"வடிதாள் நான் தரேன். உறிஞ்சுற பம்ப் ஒண்ணு இங்க சும்மாதான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, தாளை நிறுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஈரம் வாங்குற டப்பாவுல வச்சிரணும். இந்தக் கடல் காத்துக்குத் தாளே எடை கூடிரும்."

"அது தெரியும் மேடம். மழ நாள்ல நகக்கட தராசே ஆடும்."

பம்பைப் பள்ளிக்கூடத்து மாடியில் வைத்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் சாலமோன் கரண்டு கொடுத்தார். "எங்க பசங்க காலைல பிரேயர்ல நிக்கறப்பதான் இருமுறானுங்க," என்றார் அவர். அதையும் அவள் குறித்துக்கொண்டாள். காலை ஏழு மணி முதல் பன்னிரண்டு வரை ஒரு தாள். இன்னொரு தாளில் மாலை அடுப்பு நேரம் மட்டும். மூன்று மாலைகளைச் சேர்த்து அதே ஐந்து மணி நேரம். இதற்காக அவள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். பிறகு பிற்பகலுக்கும் ஒரு தாள் வைத்தாள். பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. கிரஷர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

படூரில் ஒரு நாள் காயவைத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒவ்வொன்றாக வைத்தார்கள். இருவரும் எண் நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். மாலைத் தாள் பழுப்பேறி வாசனையடித்தது. கூடியிருந்த எடை ஒன்று புள்ளி நான்கு மில்லிகிராம். காலைத் தாள் சாம்பல் நிறம்; ஆறு புள்ளி இரண்டு. பிற்பகல் தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது, ஒன்றுக்கும் குறைவு.

ரோகிணி பிற்பகல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிரஷர் நிறுத்திட்டாங்களா?"

"இல்ல மேடம், ஓடிச்சு," என்றாள் பூங்கொடி. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினொன்று, பதினொன்றரைக்குக் கிழக்கிலிருந்து கடல் காற்று ஏறிவிடும். கிரஷர் மேற்கே இருக்கிறது. காலையில் தரைக்காற்று மாவை ஊர்மேல் தள்ளுகிறது; மதியத்துக்கு மேல் கடல் காற்று அதைப் பாறைப் பக்கமே திருப்பி அடிக்கிறது.

அந்த வாரமே பொன்னியைக் காட்டப் போனபோது டாக்டர் சகுந்தலாவிடம் எல்லாவற்றையும் விரித்து வைத்தாள். டாக்டர் நோட்டையும் எடைகளையும் பார்த்துவிட்டு, "எடை கம்மின்னா கெடுதல் கம்மின்னு நினைச்சுடாதீங்க," என்றார். "புகை பொடிசு, நெஞ்சுக்குள்ள ஆழமாப் போகும். கல் தூசி மேலயே தங்கி இருமலைக் கிளப்பும். இந்தப் பொண்ணுக்கு ரெண்டும் ஆகாது. ரெண்டையும் குறைக்கணும்."

ஆனியில் இரண்டாவது பேச்சுவார்த்தை வந்தது. இந்த முறை யாரும் பூங்கொடியைக் கூப்பிடவில்லை. அவளாகவே போனாள். கிளம்பும்போது ரஞ்சித்குமார் வாசலில் வண்டிச் சாவியோடு நின்றிருந்தான்.

"நான் வேணாங்கல. ஆனா ஒண்ணு சொல்லு, என் வேல போயிடுச்சுன்னா?"

"தெரியல மாமா. போவாதுன்னு நான் எப்பிடிச் சொல்ல முடியும்?"

அவன் யோசித்தான். "செரி ஏறு. பஸ்டாண்டு வரைக்கும் வுடறன்," என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான்.

அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். திருவேங்கடம் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முறை வந்ததும் அவள் எழுந்தாள்.

"போன தடவ என் கருவி நம்பர இங்க சொன்னாங்க. அந்த நம்பரு தப்புங்க. தப்பு என்னுதுதான். நான் சரி பாக்காம எழுதிட்டன்."

நரசிம்மன் சிரித்தார். கோபமாக அல்ல, வியாபாரச் சிரிப்பு. "இன்னாம்மா, அன்னிக்கு ஒரு நம்பரு, இன்னிக்கு ஒரு நம்பரு. நாளைக்கு வந்து இதும் தப்புன்னு சொல்லுவ. எத நம்புறது?"

"நீங்க லோடு அனுப்புற வேபிரிட்ஜ வருசா வருசம் யாரு சார் சரி பாக்குறது?"

அவர் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான். இருபது கிலோ கல்லா அடுக்கிவச்சு, நீங்களே பக்கத்துல நின்னு பாப்பீங்க. கல்லு சொன்னா நம்புவீங்க. அதே மாதிரிதான் இதும். மொதல்ல வெளிச்சத்த வச்சு அளந்தன். அது பொகையக் காட்டுச்சு, கல்லுமாவக் காட்டல. இப்ப மாவயே புடிச்சு எட போட்டுகீறன். தாளு மூணும் இங்க கீது. சந்தேகமா இருந்தா வேற எங்கயாவது குடுத்து நிறுத்துப் பாருங்க."

மூன்று தாள்களையும் மேஜைமேல் வைத்தாள். அதிகாரி அவற்றைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார்.

"இன்னொண்ணும் சொல்லணுங்க," என்றாள் பூங்கொடி. "அடுப்புப் பொகையும் நெசந்தான். அது இல்லன்னு நான் சொல்ல வரல. அது எங்க பாடு, நாங்க பாத்துக்கணும். ஆனா காலைல வர்றது கிரஷர்லேந்து வர்ற மாவு. மதியத்துக்கு மேல கிரஷர் ஓடுனாலும் ஊருக்குள்ள வரதில்ல. கடல் காத்து தள்ளிடுது."

அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்தார். "அப்ப கிரஷரை மூடணும்னு நீங்க கேக்கல?"

"பன்னெண்டு மணிக்கு மேல ஓட்டச் சொல்றன்."

அறையில் கசமுசவென்று பேச்சு எழுந்தது. திருவேங்கடம் எழுந்து, மூட வேண்டும் என்பதுதான் ஊரின் கோரிக்கை என்றார். நரசிம்மன், காலை நேரம் போனால் பாதி லோடு போய்விடும் என்றார். ஒரு மணி நேரம் இழுபறிக்குப் பிறகு அதிகாரி, சொந்தமாக ஆள் அனுப்பி அளந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதி முடித்தார்.

ஆட்கள் ஆடியில் வந்தார்கள். பெரிய மெஷினைப் பள்ளிக்கூடத்து மாடியில் ஏற்றி மூன்று நாள் ஓட்டினார்கள். வந்தவர்களில் ஒருவர் பூங்கொடியின் டிபன் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது யாரு பண்ணது?" என்று விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவர்கள் அளந்தது எவ்வளவு என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. ஆவணியில் உத்தரவு வந்தது. பகல் பன்னிரண்டு மணிவரை கல் அரைக்கக் கூடாது. சாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். லோடைத் தார்ப்பாயால் மூட வேண்டும்.

நரசிம்மன் முதலில் முணுமுணுத்தார். பிறகு, விளக்குப் போட்டு இரவு ஒன்பது வரை ஓட்ட ஏற்பாடு செய்துகொண்டார். தண்ணீர் தெளிப்பது இரண்டு மாதம் ஒழுங்காக நடந்து, பிறகு யாராவது போய்க் கேட்டால் மட்டும் நடந்தது. காலை நேரத் தடையை மட்டும் அவர் மீறவில்லை. சாலமோன் வாத்தியார் தினமும் மாடியில் ஏறி நின்று பார்த்ததும் அதற்கு ஒரு காரணம். ரஞ்சித்குமாரின் வேலை போகவில்லை. ஆனால் மதியம் போய் இருட்டிய பிறகு திரும்பும்படி ஆயிற்று. கபடி விளையாடப் போவது நின்றுபோனதை நினைத்து அவ்வப்போது அலுத்துக்கொண்டான். காலையில் பொன்னியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவன் பொறுப்பானது. அதைப் பற்றி அலுத்துக்கொள்ளவில்லை.

பூங்கொடி கேஸ் அடுப்புக்கு எழுதிக்கொடுத்தாள். அது வரும்வரை அடுப்பைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றினாள். பொன்னிக்கு இழுப்பு முழுக்க நிற்கவில்லை. மார்கழிப் பனியில் இரண்டு முறை வந்தது. ஆனால் உத்தரவு வந்த பிறகு அந்த வருடத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரே ஒரு முறை. டாக்டர் கொடுத்த உறிஞ்சு மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளக் குழந்தை பழகிவிட்டாள்.

கருவியைப் பூங்கொடி தூக்கிப்போடவில்லை. காலை எண்ணுக்கு ஒரு பெருக்கல், மாலை எண்ணுக்கு ஒரு பெருக்கல் என்று தாளில் கண்ட எடைகளை வைத்துத் திருத்தி எழுதினாள். இன்னும் அது துல்லியமில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். ஊர்ப் பெண்கள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. துணி காயப்போடுமுன், வடாம் பிழியுமுன், "இன்னிக்கு எவ்ளோ கீது?" என்று வாசலிலிருந்து குரல் கொடுப்பார்கள். பூவாயி அடுப்பெதிரே உட்கார்ந்துகொண்டு எண்ணைப் பற்றிப் பேசுவதை மட்டும் விரும்பவில்லை. "நாப்பது வருசமா இந்தப் பொகையிலதான் கீறன். எனக்கு இன்னா ஆயிடுச்சு?" என்பாள், சொல்லிவிட்டு இருமுவாள்.

திருவேங்கடம் அந்த வருடம் முழுக்க அவளிடம் பேசவில்லை. மூடியிருக்க வேண்டிய கிரஷரை அவள்தான் பிழைக்க விட்டாள் என்பது அவர் கட்சி. அதில் அடியோடு நியாயமில்லை என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. கத்திரி இலைகளில் மாவு குறைந்திருந்தது. ஆனால் பாறை நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

மறு வருடம் மாசியில் ஒரு பகல் வேளை, செங்கல்பட்டுக் கடைக்கு அவர் வந்தார். வேர்க்கடலை மூட்டை நிறுக்கத் தராசு ஒன்று பார்க்க வேண்டும் என்று ராஜாராமிடம்தான் பேசினார். பூங்கொடி உள்மேஜையில் ஒரு முகப்புக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து தராசுகளைப் பார்த்தார், ஒன்றில் ஏறிக்கூட நின்று பார்த்தார். எதுவும் எடுக்கவில்லை. கிளம்புகிறவர்போல வாசல்வரை போய், திரும்பி வந்து அவள் மேஜைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க பெரிம்மாவுக்கு ரெண்டு மாசமா இருமல் நிக்கல," என்றார்.

"ஆஸ்பத்திரில காட்டினீங்களா பெரிப்பா?"

"காட்டனன். அந்த டாக்டரம்மாதான். அடுப்பு எங்க வச்சிகீறீங்கன்னு கேட்டாங்க." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஜன்னலு இல்லாத ரூம்பு அது. எங்கப்பா கட்னது."

பூங்கொடி சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தாள்.

"ஒரு நாலு நாளைக்கு உன் பொட்டிய எங்க வூட்டு அடுப்பாண்ட வையேன்," என்றார் திருவேங்கடம், மேஜைமேல் சிதறிக் கிடந்த திருகாணிகளைப் பார்த்தபடி. "இன்னா வருதோ, அத மறைக்காம சொல்லு."

"ஞாயித்துக்கெழம வரன் பெரிப்பா. பம்பும் எத்துகினு வரன். ரெண்டயும் சேத்து வச்சுப் பாத்துடலாம்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசலில் ராஜாராம், தராசு வேண்டாமா என்று கேட்டார். அதையும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொண்ணு வரும்போது எடுத்து வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, திருவேங்கடம் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.